பயிற்சி அட்டவணையும் வீட்டு நாட்காட்டியும்

கோவை வட்டாரத்தில் நெடுந்தூர நடைக்கும் ஓட்டத்திற்கும் மக்கள் ஆயத்தமாகும் காரணங்கள் பல. 2013ஆம் ஆண்டு தொடங்கிய கோவை மாரத்தான் அவற்றுள் ஒன்று. கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளையின் பணிகளுக்கு நிதி திரட்டும் இந்த ஓட்டம் அண்மை ஆண்டுகளில் டிசம்பர் மாதத்தில் நடைபெறுகிறது. தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குச் செல்லும் பாதயாத்திரை மற்றொன்று. பிப்ரவரி முதல் மே வரை நடைபெறும் வெள்ளியங்கிரி மலையேற்றம் வேறொன்று. இவை தவிர, மருத்துவமனையிலேயே தொடங்கும் நெடும்பயணமும் உண்டு. மாரடைப்புக்குப் பின் வீட்டு வாசல் வரை நடந்து பழகியவர், சில மாதங்களில் ரேஸ்கோர்ஸ் நடைபாதையை ஒருமுறை முழுதாகச் சுற்றி வர வேண்டும் என்று குறிக்கோள் வைத்துக்கொள்கிறார். நீரிழிவு உள்ளவர் நாள்தோறும் 40 நிமிடம் நடப்பதாகத் தமக்குத் தாமே உறுதி கூறிக்கொள்கிறார்.

இவர்கள் எல்லோரிடமும் ஓர் அட்டவணை இருக்கும். முதல் வாரம் இவ்வளவு, இரண்டாம் வாரம் இவ்வளவு என்று படிப்படியாக ஏறும் அந்த அட்டவணை, வீட்டில் எதுவும் நடக்காது என்ற கணிப்பில் எழுதப்பட்டது. நம் வீட்டு நாட்காட்டியோ வேறு விதமானது. ஆவணி பிறந்தால் முகூர்த்தங்கள். அடுத்து ஆயுத பூஜை, தீபாவளி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் அதனுடன் வரும் காய்ச்சல்களும். பிறகு பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வு. டிசம்பர் ஓட்டத்திற்கான பயிற்சி இவை அனைத்தையும் கடந்தே செல்ல வேண்டும். பழனி நடைக்கு ஆயத்தமாகும் ஈரோட்டு விவசாயிக்கு அதே பருவத்தில்தான் மஞ்சள் அறுவடை வருகிறது. கீழ்பவானியிலோ பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலிலோ முறைத் தண்ணீர் வரும் இரவில் அவருக்கு உறக்கமில்லை. திருப்பூர்ப் பனியன் நிறுவனத் தொழிலாளிக்கு ஏற்றுமதிக் கெடு நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமை என்பதே இல்லை. மாடு வைத்திருப்போருக்கு, மற்றவர்கள் நடைக்குப் புறப்படும் அதிகாலையில்தான் பால் கறந்து சங்கத்தில் ஊற்றும் வேலை.

ஆகவே பயிற்சியில் இடைவெளி விழுவதை விபத்து என்று கருத வேண்டியதில்லை. அது வாழ்க்கையின் இயல்பு. எங்கள் புறநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடிக் கேட்பவை இரண்டு வகையான சொற்கள். "பத்து நாள் விட்டுப்போச்சுங்க டாக்டர், இனி என்ன பண்ணி என்னங்க" என்று முற்றிலும் கைவிடுவோர் ஒரு வகை. "பத்து நாள் விட்டதை இந்த வாரத்துல பிடிச்சுடுறேனுங்க" என்று இரட்டிப்பாக நடப்போர் மற்றொரு வகை. இருவருக்கும் சேர்த்து நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்றே: சில நாள் இடைவெளி உடலுக்குச் செய்யும் கேடு மிகச் சிறிது. அந்த இடைவெளிக்குப் பின் நாம் செய்வதே பெரும் நன்மையாகவோ பெருங்கேடாகவோ அமைகிறது.

இடைவெளியில் உடலுக்குள் நடப்பது என்ன?

நெடுந்தூரம் நடக்கும் ஆற்றல் உடலில் ஒரே இடத்தில் சேமிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தின் அளவு, உடலில் ஓடும் மொத்த இரத்தத்தின் அளவு, தசைகளுக்குள் பரவியுள்ள நுண்குழாய்கள், உயிர்வளியைக் கொண்டு ஆற்றலை உருவாக்கும் உயிரணு உறுப்புகள் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே தாங்குதிறன். இவை வெவ்வேறு வேகத்தில் வளர்கின்றன. வெவ்வேறு வேகத்தில் தேய்கின்றன.

1984ஆம் ஆண்டு அமெரிக்காவில் எட்வர்டு காயில் தலைமையிலான குழு, பல ஆண்டுகள் பயிற்சி பெற்ற 7 பேரைப் பயிற்சியை நிறுத்தச் செய்து 84 நாட்கள் தொடர்ந்து சோதித்தது. உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச உயிர்வளி அளவு முதல் 3 வாரங்களில் 7 விழுக்காடு குறைந்தது. ஏறத்தாழ 8 வாரங்களில் 16 விழுக்காடு குறைந்து, அதன்பின் அந்நிலையிலேயே நின்றது. முதலில் குறைந்தது இதயம் ஒரு துடிப்பில் வெளித்தள்ளும் இரத்தத்தின் அளவே. தசைகளுக்குள் உள்ள நுண்குழாய்களின் அடர்த்தியோ 84 நாட்கள் கழிந்தும் குறையவில்லை.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியவை மூன்று. முதலாவது, நான்கைந்து நாள் திருமண வீட்டில் கழிந்ததால் இழந்தது ஏதும் இல்லை என்றே சொல்லலாம். இரண்டாவது, இரண்டு மூன்று வாரம் கழித்து மீண்டும் நடக்கும்போது மூச்சு வாங்குவதும் நெஞ்சு படபடப்பதும் பெரும்பாலும் இரத்தத்தின் கொள்ளளவு சற்றுக் குறைந்ததால் நேர்வன. பயிற்சி தொடங்கியதும் அது விரைவில் மீளும். மூன்றாவது, நீண்ட காலமாகச் சேர்த்த தாங்குதிறன் அடியோடு அழிவதில்லை. விட்ட இடத்தில் தொடங்க முடியாமல் போகலாம். ஆனால் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியதும் இல்லை.

படுக்கையில் கிடப்பது மட்டும் வேறு. 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 20 வயதுள்ள நலமான 5 இளைஞர்களை 3 வாரம் முழுப் படுக்கையில் வைத்து ஆராய்ந்தார்கள். அவர்களது உச்ச உயிர்வளி அளவு கால் பங்குக்கும் மேல் குறைந்தது. 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மீண்டும் சோதித்தபோது, 30 ஆண்டு முதுமை செய்த இழப்பைவிட அந்த 3 வாரப் படுக்கை செய்த இழப்பே பெரிதாக இருந்தது. மகிழ்ச்சி தரும் பின்பகுதியும் அந்த ஆய்வுக்கு உண்டு. 50 வயதில் அவர்கள் 6 மாதம் படிப்படியாகப் பயிற்சி செய்து, முதுமையால் இழந்த தாங்குதிறனை மீட்டுக்கொண்டார்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளியைக் கூடிய விரைவில் எழுப்பி உட்கார வைக்கவும் நடக்க வைக்கவும் நாங்கள் ஏன் வற்புறுத்துகிறோம் என்பது இதனால் விளங்கும். "பாவம், அசையாமல் படுத்திருக்கட்டும்" என்ற உறவினர்களின் பரிவு, மருத்துவர் ஓய்வு சொல்லாத இடத்தில், நோயாளிக்கு இழப்பையே தருகிறது. மழையால் நடைக்குப் போக முடியாத நாளிலும், வீட்டுக்குள் எழுந்து நடமாடுபவர் படுத்தே கிடப்பவரைவிடப் பல மடங்கு மேலான நிலையில் இருக்கிறார்.

எவ்வளவு குறைவாகச் செய்தால் போதும்?

வேலைப்பளு மிகுந்த மாதத்தில் முழு அட்டவணையைப் பின்பற்ற முடியாது என்பது தெரிந்ததே. அப்போது எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்ற வினாவுக்கு நல்ல விடை உண்டு. ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1980களின் முற்பகுதியில் இதனைத் தனித்தனியாகச் சோதித்தார்கள். நலமான இளையோர் 10 வாரம், வாரத்திற்கு 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் கடும் பயிற்சி செய்தனர். பிறகு 15 வாரம் பயிற்சியைக் குறைத்தனர். வாரத்திற்கு 2 நாளாகக் குறைத்தவர்களும் உச்ச உயிர்வளி அளவைத் தக்கவைத்துக்கொண்டார்கள். 40 நிமிடத்தை 13 நிமிடமாகக் குறைத்தவர்களும் அந்த அளவை இழக்கவில்லை. நீண்ட நேரம் தொடரும் திறன் மட்டும் அவர்களுக்குச் சற்றுக் குறைந்தது. ஆனால் நாளையும் நேரத்தையும் மாற்றாமல் வேகத்தையும் உழைப்பின் அளவையும் குறைத்தவர்கள், பெற்றதை இழந்தார்கள்.

நெருக்கடியான வாரத்தில் நாட்களைக் குறைக்கலாம், நேரத்தைச் சுருக்கலாம். ஆனால் செய்யும் சிறிதளவை வழக்கமான விறுவிறுப்போடு செய்ய வேண்டும் என்பதே இதன் பொருள். 45 நிமிட நடைக்கு நேரமில்லாதவர், 15 நிமிடம் விரைந்து நடந்தாலே போதும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், ஒரே மூச்சில் இத்தனை நிமிடம் செய்தால்தான் கணக்கு என்ற பழைய வரையறையைக் கைவிட்டுவிட்டது. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்பது இலக்கு. அதைச் சிறு சிறு பகுதிகளாகச் சேர்த்தாலும் பயன் உண்டு. ஒன்றும் செய்யாததைவிடச் சிறிது செய்வது மேல்.

இதய நோயாளிகளுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. மேற்சொன்ன ஆய்வில் பங்கேற்றோர் நலமான இளையோர். உங்களுக்குரிய விறுவிறுப்பு எது என்பதை உங்கள் மருத்துவரே வரையறுத்திருப்பார். நேரத்தைச் சுருக்கியதற்கு ஈடாக அந்த எல்லையைத் தாண்டி வேகத்தைக் கூட்டக் கூடாது. பொதுவான அளவுகோல் ஒன்று உண்டு: நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வேகமாக இருக்கலாம். பேசவே முடியவில்லை என்றால் வேகம் மிகுதி. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உட்கொள்வோருக்கு நாடித்துடிப்பு வழக்கம்போல் உயராது. ஆகவே கைக்கடிகாரம் காட்டும் எண்ணைவிட இந்தப் பேச்சுச் சோதனையே அவர்களுக்கு நம்பத்தக்கது.

ஈடுகட்டும் முயற்சியே இடர்

பழனி நடைக்கு ஆயத்தமாகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வாரத்திற்கு 20 கிலோமீட்டர் நடந்து வந்தவர், தங்கை மகள் திருமணம், அதை ஒட்டிய சீர்கள், பிறகு ஒரு சளிக்காய்ச்சல் என்று 3 வாரத்தை விட்டுவிட்டார். அட்டவணைப்படி இந்த வாரம் 32 கிலோமீட்டர். விட்டுப்போனதையும் சேர்க்க வேண்டும் என்று அவர் 40 கிலோமீட்டர் நடக்கிறார். ஒரே வாரத்தில் சுழியத்திலிருந்து 40க்குத் தாவுகிறார் என்பதே உண்மைக் கணக்கு.

இந்தத் தாவலில் முதலில் அடிபடுவது இதயமோ நுரையீரலோ அன்று. அவை ஓரிரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. அதனால் "தெம்பு வந்துவிட்டது" என்ற உணர்வும் ஏற்படுகிறது. தசைநார்களும் எலும்புகளும் அவ்வளவு விரைவில் ஆயத்தமாவதில்லை. குதிகால் நரம்பு என்று மக்கள் சொல்லும் குதிகால் தசைநாரில் வலி, உள்ளங்காலில் காலை எழுந்ததும் குத்தும் வலி, முன்னங்கால் எலும்பில் நுண்ணிய வெடிப்பு ஆகியவை இப்படித்தான் வருகின்றன. 3 வார இடைவெளியை ஈடுகட்டப் போனவர், 3 மாதம் நடக்க முடியாமல் ஆகிறார்.

ஆகவே விட்ட நாட்கள் விட்டவையே. அவற்றை எவரும் திரும்பப் பிடிக்க வேண்டியதில்லை. எங்கள் நோயாளிகளுக்கு நாங்கள் சொல்லும் அளவு வருமாறு:

இடைவெளி ஒரு வாரத்திற்குள் என்றால், விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். முதல் இரண்டு நாள் மட்டும் சற்று மெதுவாகச் செல்ல வேண்டும். ஒன்று முதல் இரண்டு வாரம் என்றால், முன்பு செய்துவந்ததில் முக்கால் பங்கில் தொடங்க வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரம் என்றால், பாதியில் தொடங்கி, விட்ட அளவு காலத்தையே மீள்வதற்கும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்திற்கு மேல் என்றால், பழைய அட்டவணையை மடித்து வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுத வேண்டும். மாரடைப்பு, ஆஞ்சியோபிளாஸ்டி, பைபாஸ் ஆகியவற்றுக்குப் பின் நடை பழகுவோர், இடைவெளி எவ்வளவு சிறிதாயினும் அட்டவணையில் ஒரு படி கீழிறங்கியே தொடங்க வேண்டும். இரண்டு வாரத்திற்கு மேல் விட்டிருந்தால் எங்களைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

காரணத்திற்கு ஏற்ற திரும்புதல்

இடைவெளியின் நீளம் மட்டுமன்றி அதன் காரணமும் முக்கியம்.

விருந்து, நோம்பி, வெளியூர்ப் பயணம் ஆகியவற்றால் விட்டவருக்கு உடல் நலமாகவே இருக்கிறது. அவர் அச்சமின்றித் தொடரலாம். திருமண மண்டபத்தில் நாள் முழுதும் நின்றும் நடந்தும் பந்தி கவனித்தவர் அன்று உழைக்கவே இல்லை என்று எண்ணவும் வேண்டாம்.

இரவுப்பணி, முறைத் தண்ணீர், ஏற்றுமதிக் கெடு போன்றவற்றால் உறக்கம் கெட்டவர், முதலில் உறங்க வேண்டும். மில்லில் இரவு முழுதும் நின்று வேலை செய்துவிட்டு, காலையில் நேராக 15 கிலோமீட்டர் ஓடுவது பயிற்சி ஆகாது. அந்த நாளின் நடையை விட்டுவிட்டு உறங்குவதே அன்றைய பயிற்சி. பணி மாறும் வாரத்தில் நீண்ட நடையை வைக்காமல், பகல் பணி வாரத்திற்கு அதனை மாற்றிக்கொள்ளலாம்.

காய்ச்சலால் விட்டவர் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். காய்ச்சல் உள்ளபோது வியர்க்க நடந்தால் அது இறங்கிவிடும் என்ற எண்ணம் தவறு. வைரஸ் காய்ச்சல்கள் சிலருக்கு இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்குகின்றன. அந்நிலையில் கடும் உழைப்பு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். பாராசிட்டமால் இல்லாமலேயே காய்ச்சல் முற்றிலும் நின்று, பசி திரும்பி, வீட்டு வேலைகளைக் களைப்பின்றிச் செய்ய முடிந்த பிறகே மெதுவான நடையைத் தொடங்க வேண்டும். டெங்கு வந்தவருக்குக் காய்ச்சல் விட்ட பிறகும் களைப்பு சில வாரம் நீடிப்பது இயல்பு; தட்டணுக்கள் மீண்டதை உறுதி செய்து, மருத்துவர் சொன்ன பின்னரே ஓட்டத்தை எண்ண வேண்டும். காய்ச்சலுக்குப் பின் நெஞ்சு வலி, காரணமற்ற படபடப்பு, படிக்கட்டு ஏறும்போது முன்பில்லாத மூச்சிரைப்பு இருந்தால் பயிற்சியை நிறுத்தி, இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். இதயத் தசை அழற்சி உறுதியானால் பல மாத ஓய்வு தேவைப்படும். அதில் பேரம் பேச இடமில்லை.

மாத்திரையும் இடைவெளியும்

நீரிழிவு உள்ளவர்களுக்கு இடைவெளியின் விளைவு மிக விரைவில் தெரியும். ஒரு நாள் நடையால் இன்சுலின் நன்கு வேலை செய்யும் பயன் ஏறத்தாழ ஒரு நாள் முதல் மூன்று நாள் வரையே நீடிக்கிறது. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் நடையை விடாதீர்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். மூன்றாம் நாள் 10 நிமிடமேனும், சாப்பிட்ட பின் வீட்டு முற்றத்திலோ மொட்டை மாடியிலோ நடந்துவிடுங்கள்.

திரும்பத் தொடங்கும்போது எதிர்மாறான சிக்கல் வரலாம். நடை நின்றிருந்த மாதத்தில் சர்க்கரை ஏறியதால் இன்சுலின் அல்லது மாத்திரையின் அளவு கூட்டப்பட்டிருக்கும். இப்போது பழையபடி நடக்கத் தொடங்கினால் சர்க்கரை திடீரென இறங்கும். இன்சுலின் போடுவோரும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரை உட்கொள்வோரும் முதல் வாரத்தில் நடைக்கு முன்னும் பின்னும் சர்க்கரையைச் சோதிப்பது நல்லது. சட்டைப்பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். கை நடுக்கம், வியர்வை, கண் மங்கல் தோன்றினால் உடனே நின்று அதைச் சாப்பிட வேண்டும். "இன்னும் ஒரு சுற்றுத்தானே" என்று நடக்கக் கூடாது.

பாதத்தில் உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளிகள் வெறுங்காலுடன் பாதயாத்திரை செல்வது கூடாது. தார்ச்சாலையின் சூடும் கல்லும் முள்ளும் அவர்களுக்குத் தெரிவதில்லை. அறியாமல் வந்த கொப்புளம் புண்ணாகி, விரலையே இழக்க நேரிடலாம். வேண்டுதலை நாங்கள் மதிக்கிறோம். காலணியுடன் நடப்பதோ, கடைசிச் சில கிலோமீட்டர் மட்டும் நடப்பதோ எந்த வேண்டுதலுக்கும் இழுக்காகாது என்று குடும்பத்துப் பெரியவர்கள் எடுத்துச் சொன்னால் நோயாளி கேட்பார்.

வலி மாத்திரை பற்றியும் ஒரு சொல். போதிய பயிற்சி இல்லாமல் புறப்படுவோர் வலியை அடக்க டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றை வேளைக்கு ஒன்றாக விழுங்குவது வழக்கமாகிவிட்டது. வெயிலில் நீர் வற்றிய உடலில் இவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். இரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை உட்கொள்வோருக்கு இந்த ஆபத்து இன்னும் மிகுதி.

பராமரிப்போரின் நடை

இதழைப் படிக்கும் பலர் நோயாளிகள் அல்லர், அவர்களைக் கவனித்துக்கொள்பவர்கள். பயிற்சி முதலில் நிற்பது பெரும்பாலும் அவர்களுக்கே. மாமியாருக்குப் பக்கவாதம் வந்த நாளில் மருமகளின் காலை நடை நின்றது. ஓராண்டு ஆகியும் அது திரும்பவில்லை. கணவரின் டயாலிசிஸ் நாட்களை நினைவில் வைத்திருக்கும் மனைவிக்குத் தம்முடைய இரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்பது நினைவில்லை. இத்தகைய இடைவெளியை நாங்கள் சிறியதாக எண்ணுவதில்லை. பராமரிப்பவர் தளர்ந்தால் நோயாளியின் மருத்துவமும் தடைபடும்.

அவர்களிடம் முழு அட்டவணையை எதிர்பார்ப்பது நியாயமன்று. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம் என்பதைக் குடும்பம் அவர்களுக்கு ஒதுக்கித்தர வேண்டும். அந்த 20 நிமிடம் நோயாளியின் அருகில் அமர்வது மகனா, அண்ணனா, பக்கத்து வீட்டு அக்காவா என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். மருத்துவமனையில் காத்திருக்கும் நேரத்தையும் பயன்படுத்தலாம். நோயாளி பரிசோதனைக்கு உள்ளே சென்றிருக்கும் அரை மணியில், கைப்பேசியைச் செவிலியரிடம் எண் சொல்லி வைத்துவிட்டு வளாகத்தைச் சுற்றி நடந்து வரலாம். நோயாளியை விட்டுவிட்டு நடக்கப் போவது சுயநலம் என்ற மனக்குறை பலருக்கு உண்டு. அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

இந்த ஆண்டு வேண்டாம் என்று சொல்லும் துணிவு

இடைவெளி நீண்டு, குறித்த நாள் நெருங்கிவிட்டால் என்ன செய்வது? இலக்கைச் சிறிதாக்கலாம், அல்லது அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம். கோவை மாரத்தானில் 21.1 கிலோமீட்டர் ஓட்டத்துடன் 10 கிலோமீட்டரும் 5 கிலோமீட்டரும் உண்டு. முழு ஆயத்தம் இல்லாதவர் 5 கிலோமீட்டரைக் குடும்பத்தோடு நடந்து முடித்தால் அது தோல்வி ஆகாது. பழனிக்குக் கோவையிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் நடக்க முடியாதவர், வழியில் ஒரு நாள் மட்டும் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளலாம்.

வெள்ளியங்கிரிக்கு இந்தச் சலுகை குறைவு. ஏழு மலை ஏறத் தொடங்கியவர் நடுவில் தளர்ந்தால் வண்டி வந்து ஏற்றிச் செல்ல வழியில்லை. கீழே கொண்டுவருவதற்குள் பொன்னான நேரம் கழிந்துவிடும். 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் மலையேறிய பக்தர்கள் பலர் உயிரிழந்த செய்திகளை நாம் படித்தோம். இதய நோய், கட்டுப்பாடற்ற இரத்த அழுத்தம், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவப் பரிசோதனையின்றி அங்கே செல்லவே கூடாது. நலமாக உள்ளவரும், கடந்த இரண்டு மாதப் பயிற்சி பெரும்பாலும் விட்டுப்போயிருந்தால், நண்பர்கள் வண்டி பேசிவிட்டார்கள் என்பதற்காகப் புறப்படக் கூடாது. மலை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.

எந்தப் பயிற்சியின்போதும் நெஞ்சில் அழுத்தம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மயக்கம், குளிர்ந்த வியர்வை, ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சிரைப்பு தோன்றினால் உடனே நின்று, 108 எண்ணுக்கு அழையுங்கள். வாயுக் கோளாறு என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம்.

அட்டவணையை எப்படி எழுதுவது?

அடுத்த முறை பயிற்சித் திட்டம் எழுதும்போது, முதலில் வீட்டு நாட்காட்டியைக் கையில் எடுங்கள். முகூர்த்தங்கள், பண்டிகைகள், பிள்ளைகளின் தேர்வுகள், பணிமுறை மாறும் வாரங்கள், அறுவடை, மருத்துவமனைக்கு வர வேண்டிய நாட்கள் ஆகிய அனைத்தையும் குறித்துவிட்டு, எஞ்சிய வாரங்களில் பயிற்சியை அமையுங்கள். 12 வாரத்தில் ஆயத்தமாக முடியும் என்றால் 16 வாரத்திற்கு முன்பே தொடங்குங்கள். நான்கு வாரத்திற்கு ஒரு வாரத்தை வெறுமையாக விடுங்கள். எதுவும் நேராவிட்டால் அது ஓய்வு வாரம், ஏதேனும் நேர்ந்தால் அதுவே இடைவெளிக்கான இடம்.

ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு அளவுகளை எழுதுங்கள். ஒன்று, நேரம் இருந்தால் செய்ய வேண்டியது. மற்றொன்று, நேரமே இல்லாவிட்டாலும் செய்யக்கூடியது: 10 நிமிட விரைவு நடை, அல்லது நான்கு முறை மாடிப்படி ஏறி இறங்குதல், மழை நாளில் வீட்டுத் திண்ணையில் முன்னும் பின்னும் நடத்தல். மூட்டு வலி உள்ளவர்கள் மாடிப்படிக்குப் பதிலாக நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமரலாம்.

அந்தத் தாளில் நடந்த நாளை மட்டும் குறிக்காமல், நடக்காத நாளையும் அதன் காரணத்தையும் எழுதி வையுங்கள். "காய்ச்சல்", "இரவுப்பணி", "அம்மாவுக்கு ஸ்கேன்" என்று ஒரு சொல் போதும். எங்களைப் பார்க்க வரும்போது மருந்துச் சீட்டோடு அதையும் கொண்டுவாருங்கள். சர்க்கரை ஏன் ஏறியது, எடை ஏன் கூடியது, மாத்திரையை மாற்ற வேண்டுமா அல்லது நடை திரும்பினால் போதுமா என்று முடிவு செய்ய, பல வேளைகளில் இரத்தப் பரிசோதனைக்கு இணையாக அந்தத் தாள் எங்களுக்கு உதவுகிறது. விட்டுப்போன நாட்களுக்காக யாரும் உங்களைக் கடிந்துகொள்ளப் போவதில்லை. எந்த அளவில் மீண்டும் தொடங்குவது என்பதை அதைப் பார்த்தே சேர்ந்து முடிவு செய்வோம்.